ரீஃபண்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்: வெளிநாட்டில் விமானம் ரத்தானால் என்ன செய்வது?

இரவு ஒன்றரை மணி. வளைகுடாவில் ஒரு விமான நிலையம். இங்கே இறங்கி, சென்னைக்கு அடுத்த விமானம் பிடிக்கக் காத்திருக்கிறீர்கள். கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது: உங்கள் விமானம் ரத்து, சிரமத்துக்கு வருந்துகிறோம். செயலியைத் திறந்தால் இரண்டு பட்டன்கள் தெரிகின்றன. ஒன்று வேறு விமானத்துக்கு மாற்றிக்கொள்ள. இன்னொன்று ரீஃபண்ட்.

அந்த நேரத்துக் கோபத்தில் விரல் எங்கே போகும்? பெரும்பாலும் ரீஃபண்டுக்குத்தான். "இவங்க சகவாசமே வேணாம், காசை வாங்கிட்டு வேற டிக்கெட் போட்டுக்கலாம்" என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் அந்த விரலைப் பத்து நிமிடம் மட்டும் நிறுத்தி வையுங்கள்.

காரணம் இதுதான். டிக்கெட் என்பது உங்களை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதாக விமான நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம். ரீஃபண்ட் கேட்டுவிட்டால் அந்த ஒப்பந்தம் அங்கேயே முடிகிறது. ஊர் வந்து சேருவது அதன்பிறகு உங்கள் பாடு. காத்திருக்கும் நேரத்துக்கான சாப்பாடு, இரவு தங்க அறை ஆகியவற்றைக் கேட்கும் உரிமையும் பெரும்பாலும் அதோடு போய்விடும். இன்னொன்று, ரீஃபண்ட் பணம் உடனே வராது, வர நாளாகும். புது டிக்கெட்டுக்கோ இப்போதே பணம் வேண்டும். அதுவும் உங்களோடு சேர்ந்து ரத்தான விமானத்தின் அத்தனை பயணிகளும் ஒரே நேரத்தில் தேடும்போது என்ன விலை காட்டுமோ அந்த விலைக்கு.

ரீஃபண்ட் எப்போது சரி? இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்றால் சரி. மகள் வீட்டில் இருக்கிறீர்கள், அவசரமில்லை, அடுத்த வாரம் போனாலும் போதும் என்றால் சரி. பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

மாற்று விமானம் கேட்பது எப்படி?

செயலி தானாகவே ஒரு மாற்று விமானத்தைக் காட்டும். சில நேரம் அது மூன்று நாள் கழித்துப் போவதாக இருக்கும். 'ஏற்கிறேன்' என்று அழுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. கவுண்டரில் வேறு கேட்கலாம். ஆனால், "எப்படியாவது அனுப்புங்க" என்று கேட்பதைவிட, நீங்களே ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது பலன் தரும். "நாளை காலை கொழும்பு வழியாகச் சென்னைக்கு இடம் காட்டுகிறதே, அதில் மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு வேலை எளிது. சென்னையேதான் வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். திருச்சி, கோவை, மதுரை, கொச்சி, பெங்களூரு என்று சொல்லிப் பாருங்கள். ரத்து செய்தது நிறுவனம் என்பதால் கட்டண வித்தியாசம் வாங்காமல் மாற்றித் தருவதுதான் வழக்கம். பணம் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள். அந்த நாட்டு எண் கிடைக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் இந்திய எண்ணை முயலலாம். எந்தப் பக்கம் முதலில் ஆள் கிடைக்கிறாரோ அங்கே வேலையை முடியுங்கள்.

விமான நிலையத்துக்கு வெளியே இருக்கும்போதே செய்தி வந்துவிட்டால், உடனே ஓடி வராதீர்கள். 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் வரலாறு காணாத மழை பெய்தது. ஓடுபாதை வரை தண்ணீர். சென்னை–துபாய் சேவையும் தடைபட்டது. உறுதியான முன்பதிவு இல்லாதவர்கள் விமான நிலையம் வர வேண்டாம் என்று துபாய் விமான நிலைய நிர்வாகமே கேட்டுக்கொண்டது. அப்படிப்பட்ட நாளில் தங்கியிருக்கும் அறையை ஒரு நாள் நீட்டித்துவிட்டு, செயலியிலும் தொலைபேசியிலும் மாற்றிக்கொள்வதே நல்லது. அறையைக் காலி செய்துவிட்டு டெர்மினல் தரையில் படுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை மறக்காதீர்கள். தாமதத்துக்கோ ரத்துக்கோ காரணம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் போதும். சில நிறுவனங்களின் இணையதளத்திலேயே தாமதச் சான்று எடுக்கும் வசதி உண்டு. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அவர்களும் முதலில் கேட்பது இந்தச் சான்றைத்தான். காரணம் ஏன் முக்கியம் என்றால், மழை, புயல், வான்வெளி மூடல் போன்றவை நிறுவனத்தின் கையில் இல்லாதவை. அவற்றுக்கு இழப்பீடு கிடையாது. இயந்திரக் கோளாறு, பணியாளர் வரவில்லை என்பவை வேறு கணக்கு.

எந்த நாட்டு விதி நமக்குப் பொருந்தும்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்பது இதில் கணக்கே இல்லை. விமானம் எங்கிருந்து கிளம்புகிறது, எந்த நாட்டு நிறுவனம் ஓட்டுகிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

இந்திய நிறுவனம் என்றால் நமது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி.சி.ஏ.வின் விதி. கொழும்பு போல இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் 2 மணி நேரம் தாமதம் என்றால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். துபாய், சிங்கப்பூர் போன்ற நாலு மணி நேரப் பயணங்களில் 3 மணி நேரத் தாமதம். அதைவிட நீண்ட பயணங்களில் 4 மணி நேரம். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல் அறை தர வேண்டும். இரவு 8 மணியில் இருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத்தைத் தாண்டினாலே அறை உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடு. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதைவிடப் பயணிக்குச் சாதகமானது. ஆனால் நம்மில் பலருக்கு அது நமக்கும் உண்டு என்றே தெரியாது. 2004-ம் ஆண்டின் 261-ம் எண் விதி அது. ஒன்றிய நாட்டு விமான நிலையத்தில் இருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் பொருந்தும். வெளியில் இருந்து ஒன்றியத்துக்குள் போகும்போது மட்டும் ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஃபிராங்ஃபர்ட்டில் இருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்கு ஒரே முன்பதிவில் வருகிறீர்கள். முதல் விமானம் இயந்திரக் கோளாறால் தாமதமாகி, இணைப்பு விமானம் தவறி, சென்னைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்கிறீர்கள். ஓட்டியது வளைகுடா நிறுவனமாக இருந்தாலும் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். அதே பயணம் சென்னையில் இருந்து ஃபிராங்ஃபர்ட் போகும் திசையில் அதே வளைகுடா நிறுவனத்தில் என்றால் இந்த விதி பொருந்தாது. பிரிட்டனும் பிரிந்துபோன பிறகு இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. அங்கே நீண்ட பயணத்துக்கு 520 பவுண்டு.

இழப்பீடு கிடையாத எரிமலை, புயல் நாட்களிலும் ஐரோப்பிய விதிப்படி சாப்பாடும் தங்குமிடமும் தந்தே ஆக வேண்டும். 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்ட வழக்கில் ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013-ல் இதை உறுதி செய்தது. இந்தக் கோரிக்கைகளை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே இலவசமாக அனுப்பலாம். "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று வரும் தனியார் இணையதளங்கள் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

மலேசியாவுக்கும் தனி விதித்தொகுப்பு உண்டு. 2024 செப்டம்பர் முதல், 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். பணம் கட்டிய அதே வழியில், 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கோலாலம்பூர் போய்வரும் திருச்சி, சென்னைப் பயணிகள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் பொருந்தாத இடத்தில் மாண்ட்ரியல் மாநாடு இருக்கிறது. 1999-ல் உருவான உலக ஒப்பந்தம், இந்தியா 2009-ல் சேர்ந்தது. தாமதத்தால் உங்களுக்கு உண்மையாகவே ஏற்பட்ட நஷ்டத்தை நிறுவனத்திடம் கேட்க இது வழிசெய்கிறது. தவிர்க்கத் தேவையான நியாயமான நடவடிக்கைகளை எல்லாம் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பிக்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். உடனே கனவு காண வேண்டாம்! அது வரம்புதான். முன்பணம் கட்டி வீணான அறை, தவறிப்போன ரயில் டிக்கெட் என்று பில் காட்ட முடிந்த நஷ்டம் மட்டுமே கிடைக்கும். மன உளைச்சலுக்கு இதில் வழி இல்லை.

ஏஜென்ட் எண் யாருடையது?

நம் ஊரில் வெளிநாட்டு டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டிராவல்ஸில்தான். அதில் தவறில்லை. ஆனால் அந்த டிக்கெட்டில் பயணியின் தொலைபேசி எண் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பல நேரம் அது ஏஜென்டின் எண். விமானம் ரத்து என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போகும். அவர் இரவு தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் மூட்டை முடிச்சோடு விமான நிலையம் போய், அங்கே பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள்.

பிரச்சினை அலைச்சலோடு நிற்பதில்லை. தொடர்புகொள்ளப் போதுமான விவரத்தைப் பயணி தரவில்லை என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று டி.ஜி.சி.ஏ. விதியே சொல்கிறது. ஆகவே டிக்கெட் கைக்கு வந்த அன்றே விமான நிறுவனத்தின் செயலியில் பி.என்.ஆர். எண்ணையும் பெயரையும் போட்டு முன்பதிவைத் திறங்கள். உங்கள் கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டையும் சேருங்கள். போகும் நாட்டில் வேறு சிம் பயன்படுத்துவீர்கள் என்றால் அங்கே போனதும் அந்த எண்ணையும் சேருங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் வரவில்லை என்றால், "ஏஜென்டைக் கேளுங்க" என்று நிறுவனம் கைகழுவ முடியாது. ஏஜென்ட் நிறுவனத்தின் பிரதிநிதிதான், பொறுப்பு நிறுவனத்துக்கு என்பது டி.ஜி.சி.ஏ. நிலைப்பாடு.

இரண்டு டிக்கெட்டா, ஒரே டிக்கெட்டா?

திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து சிட்னிக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சம் என்று காட்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். முதல் நிறுவனமோ, கோலாலம்பூர் வரைதான் எங்கள் பொறுப்பு என்று சொல்லும். பையையும் நீங்களே வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். கோலாலம்பூரில் இரண்டு டெர்மினல்களும் வேறு வேறு இடம் என்பது இன்னொரு தலைவலி. ஒரே பி.என்.ஆரில் எடுத்திருந்தால் இணைப்பு தவறுவது நிறுவனத்தின் பிரச்சினை. அந்தச் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே டிக்கெட்டில் ஒரு கட்டம் ரத்தானதும், நிறுவனத்திடம் சொல்லாமல் நீங்களே வேறு விமானம் பிடித்து அடுத்த ஊருக்குப் போய்விடாதீர்கள். ஒரு கட்டத்தில் ஏறவில்லை என்றால் மீதிக் கட்டங்கள் எல்லாம், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, தானாக ரத்தாகிவிடக்கூடும்.

விசா தேதி

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைத் திடீரென மூடியது. தோஹா போக வேண்டிய விமானங்கள் வேறு நாட்டு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. விசா இல்லாத நாட்டில் இறங்க நேர்ந்தால் நீங்களாக வெளியேறப் பார்க்காதீர்கள். டிரான்சிட் பகுதியிலேயே இருந்து, தற்காலிக அனுமதியோ உள்ளேயே தங்கும் இடமோ ஏற்பாடு செய்யும்படி விமான நிறுவன ஊழியரிடம் கேளுங்கள்.

விசா இன்றோடு முடிகிறது, விமானம் நாளைக்கு மாறிவிட்டது என்றால், முடிவதற்கு முன்பே குடியேற்ற அலுவலகத்தை அணுகி, ரத்துச் சான்றைக் காட்டி வழி கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா காலம் தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். இதற்குத் தலைகீழாகவும் ஒன்று உண்டு. அமீரகத்தின் சாதாரணக் குடியிருப்பு விசா வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். விடுப்பில் ஊர் வந்தவர்கள், பொங்கல் முடியட்டும், கோயில் கொடை முடியட்டும் என்று கடைசி நாளுக்கு டிக்கெட் போடுவதைப் பார்க்கிறோம். அந்த ஒரு விமானம் ரத்தானால் வேலைக்கே ஆபத்து. குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

பை, பணம், புகார்

பை வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பை சேவைக் கவுண்டரில் எழுத்துப் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் பை கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வையுங்கள். புதிய கார்டுகளில் அது அணைத்தே வரும். நம் ஊர் சிம்முக்கு ரோமிங் போட்டு வையுங்கள். இல்லையென்றால் கணக்கில் பணம் இருக்கும், ஓ.டி.பி. வராது. டிஜி யாத்ரா செயலியில் டிக்கெட் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது உள்நாட்டுப் பயணத்துக்கானது. நிறுவனம் சாப்பாடோ அறையோ தராமல் நீங்களே செலவு செய்ய நேர்ந்தால், நியாயமான விலையில் செய்து, பில்லைப் படம் எடுத்து அன்றே உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சான பில் ஊர் வருவதற்குள் வெள்ளைத் தாளாகிவிடும்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலி, பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக வேண்டும் என்றால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டிக்கெட்டுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் கைச்செலவுக்கு வழியின்றியோ வேறு ஆபத்திலோ சிக்கினால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அழைக்கலாம். இந்தியாவுக்குள் இருந்து 1800 309 3793, வெளிநாட்டில் இருந்து +91 80 6900 9900, +91 80 6900 9901.

அம்மா தனியாகப் பயணம் செய்கிறாரா?

பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலருக்குச் செயலியும் பழக்கமில்லை, ஆங்கிலமும் பழக்கமில்லை. அவர்கள் டிக்கெட்டை உங்கள் கைப்பேசிச் செயலியிலும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்தால் நீங்கள் இங்கிருந்தே மாற்று விமானம் தேடலாம். அவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள்: "எதையும் அமுக்காதீங்க, எதிலும் கையெழுத்துப் போடாதீங்க, முதல்ல எனக்கு போன் பண்ணுங்க." போன் தீர்ந்துபோகலாம், வைஃபை கிடைக்காமல் போகலாம். அதனால் ஒரு தாளையும் கைப்பையில் வையுங்கள். பி.என்.ஆர். எண், உங்கள் எண், அங்கே அழைக்க வருபவரின் எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அடியில், கவுண்டரில் அப்படியே படித்துக் காட்ட, தமிழ் எழுத்தில் ஒரு வரி: "நோ ரீஃபண்ட். நெக்ஸ்ட் ஃப்ளைட் டு சென்னை, ப்ளீஸ். கால் மை சன்." மகள் என்றால் 'டாட்டர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.